'எ' இல்லாத கொஞ்சம்

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் ஓட்டல்களின் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து வெளுத்துப் போகிற பெரிய சலவை ஆலை அது. அதன் இஸ்திரிப் பகுதியில் ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேர் ஒன்பது வருடமாக ஒரே உருளையின் முன்னால் நின்று வேலை பார்த்தார்கள். அண்ணனைக் கட்டியவள் இடது பக்கம், தம்பியைக் கட்டியவள் வலது பக்கம். ஈர விரிப்பின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, ஆவியில் கொதிக்கும் உருளைக்குள் சுருக்கமில்லாமல் கொடுக்க வேண்டும். கை வேகம் ஒத்துப்போகாவிட்டால் துணி கோணிக்கொள்ளும். இவர்களுக்கு ஒரு நாளும் கோணியதில்லை. “ஓரகத்திங்க ரெண்டு பேரு இப்படி ஒத்துமையா இருக்கிறதை நான் பார்த்ததே இல்லை” என்று பாய்லர்காரர் வாய்விட்டே சொல்வார்.

வீட்டிலும் அப்படித்தான். கீழே மூத்தவள் குடும்பம், மாடியில் இளையவள் குடும்பம், நடுவில் ஒரே அடுப்படி. இளையவள் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், வாங்க போங்க என்றுதான் பேசுவாள். ஒரே ஒரு விஷயம் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் சின்னக் கல்லாகக் கிடந்தது. இளையவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். மூத்தவள் பத்தாவதோடு நின்றவள். ஆனால் ஷிப்ட் பொறுப்பு மூத்தவளுக்குத்தான் வந்தது, சீனியாரிட்டியில். தினமும் சாயங்காலம் இயந்திரங்களின் நிலையை ரிஜிஸ்டரில் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. எல்லோரும் அவளை ரிஜிஸ்டர் அக்கா என்று கூப்பிடும்போது இளையவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரும்.

ரிஜிஸ்டர் தமிழில் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. ஒரு நாள் மேனேஜர் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டி வைத்துச் சொன்னார்: “அடுத்த மாசத்துல இருந்து எல்லாமே இங்கிலீஷ்ல எழுதணும். ஆடிட்டுக்கு வெளியில இருந்து ஆளுங்க வர்றாங்க. அவங்க படிச்சுப் பார்க்கணும்ல. பயப்படாதீங்க, சொல்லிக் கொடுக்க டீச்சர் வருவாங்க.”

டீச்சர் வந்தாள். சின்னப் பெண். மூன்று நாள் வகுப்பு. சாப்பாட்டு மேஜைகளை ஒதுக்கி, சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி, இருபது பேரை உட்கார வைத்தார்கள். முதல் நாள் முழுக்க மூத்தவளுக்குக் காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. இரண்டாம் நாள் காலையில்தான் ஒரு கதவு திறந்தது.

“தமிழ்ல கொஞ்சம்னு ஒரே வார்த்தை வெச்சுக்கிட்டு சமாளிச்சிடறோம்” என்றாள் டீச்சர். “கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் பேர், கொஞ்சம் துணி. இங்கிலீஷ் அப்படி விடாது. எண்ண முடியுமா முடியாதான்னு முதல்ல கேட்கும். எண்ண முடிஞ்சா ஃபியூ. எண்ண முடியலைன்னா லிட்டில். அதே மாதிரி நிறையன்னா, எண்ண முடிஞ்சா மெனி, முடியலைன்னா மச்.”

துண்டை எண்ணலாம், அழுக்கை எண்ண முடியாது. வாளியை எண்ணலாம், தண்ணீரை எண்ண முடியாது. மூத்தவளுக்கு இது பிடித்துப் போயிற்று. உலகத்தையே இரண்டு கூடையாகப் பிரித்துப் போடுவது போல இருந்தது. அவள் தினமும் செய்கிற வேலையும் அதுதானே. டீச்சர், நாற்காலி எண்ணத்தக்கது, மேஜை எண்ணத்தக்கது, ஆனால் ஃபர்னிச்சர் என்று சேர்த்துச் சொன்னால் எண்ண முடியாது என்றபோது இளையவள் எழுந்தாள்.

“எங்க வீட்டு ஃபர்னிச்சரை எண்ணிடலாம் டீச்சர். ஒரு கட்டில், ஒரு பீரோ. பீரோவுக்குக் கதவும் இல்லை.”

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டாள்.

மதியம் வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேனேஜர் கதவருகில் வந்து நின்று மூத்தவளை விரலால் அழைத்தார். உருளையில் விரிப்பு சுற்றிக்கொண்டதாம், வேறு யாருக்கும் எடுக்கத் தெரியவில்லையாம். போனாள். எடுத்து முடித்துக் கை கழுவித் திரும்பி வந்தபோது டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?” என்று இளையவளிடம் கேட்டாள்.

“அதே ஃபியூவும் லிட்டிலும்தான்க்கா. முன்னால ஏதோ ‘எ’ போட்டா ஒரு மாதிரியாம், போடலைன்னா ஒரு மாதிரியாம். ஒத்தை எழுத்து, விடுங்க.”

விட்டாள். வருகைத் தாளில் காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தாள், மூன்று நாளுக்கும்.

அடுத்த மாதம் ரிஜிஸ்டர் இங்கிலீஷுக்கு மாறியது. மூத்தவள் முதல் வாரம் ஒவ்வொரு வரிக்கும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். எண்ண முடியுமா, முடியாதா என்று மனதுக்குள் கேட்டுக் கேட்டு எழுதினாள். ‘மெனி ஷீட்ஸ்’, ‘மச் வாட்டர்’. தப்பில்லாமல் வந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் காட்டினாள். அந்தப் பெண்ணும், “சரியாத்தாம்மா இருக்கு” என்றாள். நாற்பத்தொரு வயதில் ஒரு பாஷை தன் கைக்கு அடங்கியது என்ற நினைப்பே அவளுக்கு ஒரு மிடுக்கைக் கொடுத்தது.

அப்போதுதான் உருளைக்கு மேலே போகிற ஆவிக்குழாய் கசியத் தொடங்கியது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் தட்டு போன்ற இரண்டு இரும்பு வளையங்களை எட்டு போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த மூட்டிலிருந்து முதலில் மூச்சு விடுவது போல மெல்லிய சத்தம், பிறகு வெள்ளையாக ஒரு புகை. அது சரியாக உருளையின் வலது பக்கத்துக்கு மேலே, இளையவள் நிற்கிற இடத்துக்கு மேலே.

பாய்லர்காரர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். ஸ்பேனரால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“மூணு போல்ட் லூஸா இருக்கு. நடுவுல ஆவி கசியாம அடைக்கிற கேஸ்கட்டும் போயிருக்கும். ஸ்டீமை நிறுத்தாம இதுல கை வைக்க முடியாது. அரை நாள் நிறுத்தணும். அதை நான் முடிவு பண்ண முடியாது. நீ எழுதிடு, மேனேஜர் சொன்னா நான் செஞ்சிடறேன்.”

அன்று சாயங்காலம் அவள் எழுதினாள். கசிவை எண்ண முடியாது. அதனால் லிட்டில். போல்ட்டை எண்ணலாம். அதனால் ஃபியூ. ‘லிட்டில் லீக்கேஜ் இன் ஸ்டீம் பைப். ஃபியூ போல்ட்ஸ் லூஸ்.’ மூன்று என்று அவளுக்குத் தெரியும். மூன்று என்பதற்கான இங்கிலீஷும் தெரியும், அது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் புதிதாகக் கற்றுக்கொண்ட வார்த்தையைப் போட்டுப் பார்க்கும் ஆசை. பின்னால் அவள் நினைத்து நினைத்து நொந்துகொண்டது இதைத்தான்.

ரிஜிஸ்டரை மேனேஜரின் மேஜையில் வைத்துவிட்டு வாயாலும் சொன்னாள். இளையவள் வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தாள், இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவதற்காக.

“சார், மேல பைப்ல கொஞ்சம் கசியுது. சில போல்ட்டு லூஸா இருக்காம். அரை நாள் நிறுத்தினா சரி பண்ணிடலாம்னு பாய்லர்காரர் சொல்றாரு.”

மேனேஜர் தலையைத் தூக்கவில்லை. “எழுதிட்டீங்கல்ல?”

“எழுதியிருக்கேன் சார்.”

“அப்புறம் என்னம்மா. ஆஸ்பத்திரி ஆர்டர் முடியட்டும், பார்த்துக்கலாம்.”

கையெழுத்துப் போட்டு நகர்த்திவிட்டார். மறுநாளும் அவள் அதே இரண்டு வரியை எழுதினாள். அதற்கு மறுநாளும். கசிவு கூடிக்கொண்டே போயிற்று, எழுத்து மாறவில்லை. பதினோரு நாள், பதினோரு கையெழுத்து. இரண்டு முறை இளையவளோடு இடம் மாறி நிற்கலாமா என்று கேட்டாள். “எனக்கு வலது கைதான்க்கா பழக்கம், விடுங்க, தலைக்கு மேல அவ்வளவு உசரத்துல இருக்கு” என்றாள் அவள்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஒரு விரிப்பின் முனையை மூத்தவள் பிடித்தாயிற்று. மறுமுனையை எடுக்க இளையவள் குனிந்து நிமிர்ந்தாள். மேலே ஏதோ தெறித்தது. பிறகு கேட்டது சத்தமே இல்லை, காதுக்குள் எதையோ அடைத்தது போல. எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மூத்தவள் தான் பிடித்திருந்த விரிப்பை விடாமல் இழுத்தாள். மறுமுனை வரவில்லை. தரையில் தவழ்ந்து போய் ஒரு காலைப் பிடித்து, தன் பக்கம் இழுத்தாள். பாய்லர்காரர் ஓடிப்போய் வால்வை மூடும்வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. வெள்ளை கலைந்தபோது இளையவளின் வலது தோளும் கையும் அவள் பார்த்த எதைப் போலவும் இல்லை.

தீக்காயப் பிரிவில் ஏழு வாரம். கொழுந்தன் வேலைக்குப் போகாமல் வராந்தாவிலேயே கிடந்தான். மூத்தவள் காலையில் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போவாள், ஆலைக்குப் போய்விட்டு மாலையில் மறுபடி வருவாள். இளையவளுக்கு ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாக ஊட்டுவாள். இளையவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, “அக்கா, நீங்க காலைப் பிடிச்சு இழுத்தீங்கன்னு சொன்னாங்க” என்பாள். “பேசாதே, முழுங்கு” என்பாள் இவள். மூன்றாவது வாரம் டாக்டர் சொன்னார், உயிருக்குப் பயமில்லை, ஆனால் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது, விரல்கள் முழுசாக மடங்காது.

அதே வாரம் ஆலையில் விசாரணை வைத்தார்கள். கம்பெனி நியமித்த ஒரு வக்கீல், பக்கத்தில் தட்டச்சு செய்ய ஒருவர், எதிரில் மேனேஜர். மூத்தவளுக்கு முதலில் ஒன்றும் பயமில்லை. எழுதியிருக்கிறோமே, பதினோரு நாளும் எழுதியிருக்கிறோமே என்ற தைரியம். பாய்லர்காரர் உள்ளதை உள்ளபடி சொன்னார். “மூணு போல்ட் லூஸ். இந்தம்மாகிட்ட சொன்னேன். எழுதறது இவங்க வேலை.”

வக்கீல் மேனேஜரைக் கேட்டார்: “உங்களுக்குத் தகவல் வந்துச்சா?”

“வந்துச்சு சார். கசிவு ஒண்ணும் பெரிசா இல்லைன்னுதான் தகவல் வந்துச்சு. போல்ட்டும் அனேகமா எல்லாம் சரியா இருக்குன்னு. பதினோரு நாளும் அதேதான் எழுதியிருக்காங்க. ஆபத்துன்னு ஒரு வார்த்தை இருந்தா நான் அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பேனே.”

மூத்தவளுக்கு முதலில் புரியவில்லை. மேனேஜர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். “சார், நல்லா பாருங்க, லீக்கேஜ்னு எழுதியிருக்கேன்” என்றாள்.

“லிட்டில் லீக்கேஜ்னு எழுதியிருக்கீங்க” என்றார் வக்கீல், ரொம்பப் பொறுமையாக.

“ஆமா சார். கொஞ்சம் கசியுதுன்னு.”

வக்கீல் கதவுப் பக்கம் பார்த்தார். இங்கிலீஷ் டீச்சரை உள்ளே அழைத்து வந்தார்கள். அவள் மூத்தவளைப் பார்த்துச் சிரிக்கப் போய், இடம் தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

“லிட்டில் லீக்கேஜ், எ லிட்டில் லீக்கேஜ். ரெண்டுக்கும் ஒரே அர்த்தமா?”

“இல்லை சார்.”

“என்ன வித்தியாசம்?”

டீச்சர் விரல்களைப் பிசைந்தாள். “எ லிட்டில்னா கொஞ்சம் இருக்கு. ‘எ’ இல்லாம லிட்டில்னா, அனேகமா இல்லைங்கிற மாதிரி. சொல்ற அளவுக்கு இல்லைன்னு.”

“ஃபியூ போல்ட்ஸ்?”

“அதுவும் அப்படித்தான். எ ஃபியூன்னா சில போல்ட். வெறும் ஃபியூன்னா, லூஸா இருக்கிறது ரொம்பக் குறைச்சல்.”

“இதை நீங்க வகுப்புல சொல்லிக் கொடுத்தீங்களா?”

“கொடுத்தேன் சார். ரெண்டாம் நாள் மத்தியானம்.”

வருகைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார்கள். இரண்டாம் நாளுக்கு நேராக மூத்தவளின் கையெழுத்து, சுழித்து அழகாக.

“அன்னைக்கு மத்தியானம் நான் இல்லை சார். சார்தான் என்னைக் கூப்பிட்டாரு, துணி சுத்திக்கிச்சுன்னு.” அவள் மேனேஜரைப் பார்த்தாள்.

“எனக்கு ஞாபகம் இல்லை” என்றார் மேனேஜர்.

டீச்சர் எதையோ சொல்ல வாயெடுத்தாள். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்மா” என்றார் வக்கீல். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பதினோரு நாள் வரிசையாகத் தப்பில்லாமல் எழுதியிருக்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. எண்ண முடியுமா முடியாதா என்று அத்தனை கவனமாகப் பார்த்தாளே, அதில் ஒன்றும் பிசகவில்லை. இருக்கிறது என்று எழுத நினைத்ததை இல்லை என்று எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் இந்த மனிதருக்குத் தெரியாதா? தமிழில் காதுபடச் சொன்னேனே?

“நான் வாயால சொன்னேன் சார். முதல் நாளே. அரை நாள் நிறுத்தணும்னு சொன்னேன்.”

“அப்படி எதுவும் சொல்லலை” என்றார் மேனேஜர்.

“சாட்சி இருக்கா?” என்றார் வக்கீல்.

“இருக்கு. என் ஓரகத்தி. வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா.”

வக்கீல் தாளில் குறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கே ஆள் அனுப்பி வாக்குமூலம் வாங்குவதாகச் சொன்னார். மூத்தவள் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் நடந்ததை எல்லாம் இளையவளிடம் சொன்னாள். “நீ கேட்டதைச் சொல்லு, அது போதும்” என்றாள். இளையவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, “சொல்றேன்க்கா, அதைச் சொல்ல எனக்கென்ன” என்றாள்.

ஆலை ஆட்கள் இரண்டு நாள் கழித்து வந்து போனார்கள். கட்டிலில் அவள் சொல்லச் சொல்ல அவர்களே இங்கிலீஷில் எழுதி, படித்துக் காட்டி, இடது கையால் கையெழுத்து வாங்கினார்களாம். கொழுந்தன்தான் சொன்னான். கூடவே, “வெளியில வந்ததும் அவளுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒண்ணு போட்டுத் தர்றதா சொல்லியிருக்காங்க அண்ணி” என்றும் சொன்னான். மூத்தவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாவம், அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவாள்.

அடுத்த விசாரணையில் அந்த வாக்குமூலத்தை வக்கீல் உரக்கப் படித்தார். நீளமான தாள். அவளுக்குப் பாதி புரியவில்லை. நடுவில் ஒரு வரி வந்தது. அது மட்டும் அட்சரம் பிசகாமல் புரிந்தது, ஏனென்றால் முதல் விசாரணையிலிருந்து அவள் அந்த லிட்டிலையும் ஃபியூவையும் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. ‘ஷி டோல்ட் த மேனேஜர் லிட்டில் அபவுட் இட்.’

மேனேஜரிடம் அவள் இதைப் பற்றி அவ்வளவாக ஒன்றும் சொல்லவில்லை.

“இன்னொரு தடவை படிங்க சார்” என்றாள்.

படித்தார். இந்த முறையும் ‘எ’ வரவில்லை.

அவளை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு தபாலில் வந்தது. அஜாக்கிரதையாகத் தவறான தகவல் தந்து சக ஊழியரின் ஊனத்துக்குக் காரணமானவர் என்று அதில் இருந்தது. மேனேஜருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்ததாகப் பாய்லர்காரர் வந்து சொன்னார். கொஞ்ச நாளில் மேனேஜரை வேறு கிளைக்குப் பெரிய பதவியில் மாற்றிவிட்டார்கள்.

இளையவள் வீட்டுக்கு வந்த முதல் நாளே மூத்தவள் மாடிக்குப் போய்க் கேட்டாள். மனதில் வைத்துக்கொண்டு புழுங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

“என்ன சொன்னே நீ அவங்ககிட்ட?”

“கொஞ்சம் சொன்னாங்கன்னுதான்க்கா சொன்னேன். கொஞ்சம் கசியுதுன்னு சார்கிட்ட சொன்னாங்க, நான் கேட்டேன்னு. அவங்கதான் எழுதினாங்க. படிச்சுக் காட்டினப்ப லிட்டில்னு வந்துச்சு. சரின்னு போட்டுட்டேன்.” கண்ணில் நீர் தளும்பியது. “எனக்கு அப்ப மருந்து மயக்கம் வேற.”

தான் செய்த அதே தப்பு. அதைச் செய்ததற்காக இன்னொருத்தியை எப்படிக் கோபிப்பது? மூத்தவள் அவள் தலையைத் தடவிவிட்டுக் கீழே இறங்கினாள். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் சுருக்கென்றது. அந்த மத்தியானம் வகுப்பில் இருந்தது இவள். ‘எ’ போட்டால் ஒரு மாதிரி, போடாவிட்டால் ஒரு மாதிரி என்று சொன்னதும் இவள். பன்னிரண்டாவது படித்தவள். மயக்கம் என்கிறாளே, அந்த மயக்கத்தில் லிட்டில் என்று வந்த ஒரு சொல் மட்டும் எப்படி நினைவில் நின்றது? கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? தெரிந்தே செய்தாயா என்று, வெந்து கிடக்கிறவளிடம், அதுவும் தன் எழுத்தால் வெந்தவளிடம்? வேறு எந்த ஆலையிலும் மூத்தவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நீக்கிய காரணம் அவளுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருந்தது. கடைசியில் இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில் பட்டன் கட்டும் வேலை கிடைத்தது. ஒரு நாள் இங்கிலீஷ் டீச்சர் அந்தக் கடையைத் தேடிக்கொண்டு வந்து நின்றாள்.

“நீங்க பாதியில எழுந்து போனது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. சொல்லியிருக்கணும். என்னைக் கேட்கவே இல்லை.”

“கேட்டதுக்குச் சரியாத்தானே பதில் சொன்னீங்க” என்றாள் மூத்தவள், ஊசியில் நூல் கோத்தபடி. “உங்க மேல என்ன தப்பு. போயிட்டு வாங்க.”

டீச்சர் போனாள். மன்னித்துவிட்டதாக அவள் நினைத்திருக்கலாம்.

இளையவள் ஆலைக்குத் திரும்பினாள். வாசலருகே ஒரு மேஜை, வரும் மூட்டைகளைக் குறித்துக்கொள்ளும் வேலை. மூன்று மாதத்தில் ரிஜிஸ்டரையும் அவளிடமே கொடுத்தார்கள், இடது கையால் எழுதப் பழகிக்கொண்டாள் என்பதால். சேலை கட்ட, பின்னல் போட அவளால் முடியாது. காலையில் கொழுந்தன் முதல் ஷிப்டுக்குப் போய்விடுவான். அதனால் மூத்தவள்தான் தினமும் மாடிக்குப் போய்க் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டு, இடுப்பு வரை வருகிற அந்தத் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னி அனுப்புவாள். தன்னைத் துரத்திய இடத்துக்கு அவளை அலங்கரித்து அனுப்புகிறோம் என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை. இருவரும் சாமான்கள் பற்றி, பிள்ளைகள் பற்றி, தண்ணீர் வருகிற நேரம் பற்றிப் பேசுவார்கள்.

ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு காலையில் பாதிப் பின்னலில் இளையவள் கேட்டாள்.

“அக்கா, நீங்க ஏன் ஒரு தடவைக்கு மேல கேட்கவே இல்லை?”

“எதை?”

“அந்தத் தாளை.”

மூத்தவளின் விரல்கள் நின்றன. பிறகு ஒரு புரி மேல் ஒரு புரி எடுத்துப் போட்டு மறுபடி பின்னத் தொடங்கின.

“படிச்சுக் காட்டினப்ப ‘எ’ வரலைன்னு எனக்குத் தெரிஞ்சுது” என்றாள் இளையவள். கண்ணாடி இல்லாத சுவரைப் பார்த்துப் பேசினாள். “போடச் சொல்லியிருக்கலாம். அவங்களும் நான் சொல்றேனான்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தாங்க. அதுக்கு முன்னாலதான் வேலை போட்டுத் தர்றதா சொன்னாங்க. கை இப்படி ஆயிடுச்சு. இதுவும் இல்லைன்னா இவரு என்னை எத்தனை நாள் வெச்சுப் பார்ப்பாருன்னு நினைச்சேன். உங்களுக்கு ரெண்டு கையும் இருக்கே, எப்படியும் பொழைச்சுக்குவீங்கன்னு நினைச்சேன்.” இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “கோபமும் இருந்துச்சுக்கா. மூணுன்னு எழுதியிருக்கலாம் நீங்க” என்றாள்.

மூத்தவள் பின்னிக்கொண்டே இருந்தாள். திட்டலாம், அதற்கு வாய் வரவில்லை. அழலாம், அதுவும் வரவில்லை. மூன்று என்று எழுதியிருக்கலாம் என்பது உண்மை. மற்றதும் உண்மை. இரண்டையும் எதிரெதிரே வைத்துக் கழித்துப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மிஞ்சத்தான் செய்தது.

பின்னலை நுனி வரை முடித்தாள். ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். தோளில் உதிர்ந்து கிடந்த முடியைத் தட்டிவிட்டாள்.

“நாளையில இருந்து வேற யாரையாவது பின்னிவிடச் சொல்லு” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவள் மாடிக்குப் போகவில்லை. அடுப்படி வேலையை முடித்துக்கொண்டு தையல் கடைக்குக் கிளம்பும்போது இளையவள் படியில் இறங்கி வந்தாள். சேலை இல்லை, தலைவழியாகப் போட்டுக்கொள்கிற தொளதொள அங்கி ஒன்று. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். கொழுந்தன் வெட்டியிருக்க வேண்டும், ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவள் இடது கையில் பையை எடுத்துக்கொண்டு ஆலைப் பக்கம் திரும்பினாள். மூத்தவள் எதிர்ப்பக்கம் நடந்தாள்.

இரண்டு மாதத்தில் மாடியில் தனி அடுப்பு வைத்துக்கொண்டார்கள்.